உச்சிக் கிளைக் கூடுகள்

பிப்ரவரி 9

பூச்சி அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது.

நான் சுகம். இருமல் போய்விட்டது என்று அம்மாவிடம் சொல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் அருங்காட்சியகத்துக்குப் போகிறாயா, இல்லை இன்னும் பூச்சி மருந்து உருண்டையின் வாசனையிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிறாயா?

இத்துடன் வரும் சாக்பீஸ் பெட்டியை மெதுவாகத் திற. உள்ளே ஒரு அந்துப்பூச்சி. என் உள்ளங்கையைவிடப் பெரியது. ஒரு இறகு கிழிந்திருக்கிறது; நான் கிழிக்கவில்லை, கிடைத்தபோதே அப்படித்தான். பள்ளிக்கூடச் சுவரில், விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. இறகில் கண்ணாடி ஜன்னல் வைத்ததுபோல நான்கு இடத்தில் வெளிச்சம் ஊடுருவுகிறது. பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. வேறு யாருடைய தம்பிக்கும் செத்த பூச்சியைப் பார்த்தால் அக்கா ஞாபகம் வராது.

பள்ளி நன்றாக நடக்கிறது. மலையில் குளிர் அதிகம். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். முழங்காலுக்குப் புதிய தைலம் வந்திருக்கிறது. வீடே மணக்கிறது, வலி மட்டும் அப்படியே இருக்கிறது. உன் கடிதத்தை அம்மா எதிர்வீட்டுக்கும் வாசித்துக் காட்டிவிட்டாள். "என் பையன் மலைமேல வாத்தியாரு, பூச்சியெல்லாம் பார்சல் பண்றான்" என்று.

பெட்டியைத் திறந்தபின் இரண்டு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இது பெண். காட்டுப் பட்டுப்பூச்சி இனத்தைச் சேர்ந்தது, அதுவரைக்கும் சந்தேகமில்லை. எங்களிடம் அந்த இனத்துக்கு மட்டும் நாற்பத்திரண்டு இழுப்பறைகள். ஒவ்வொன்றாக இழுத்து வைத்துப் பார்த்தேன். மற்றவற்றில் அந்தக் கண்ணாடிப் புள்ளி வட்டமாக இருக்கும், அல்லது முக்கோணமாக. இதில் பிறைபோல வளைந்திருக்கிறது. பின் இறகில் ஒரு நரம்பு அந்தப் பிறையை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. அப்படி ஒன்றை நான் பதினேழு வருடத்தில் பார்த்ததில்லை. புத்தகங்களிலும் இல்லை.

ஆனால் ஒரே ஒரு பெண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆண் வேண்டும். ஆணின் வயிற்று நுனியில் இருக்கும் பிடிப்பு உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால்தான் இது புதிய வகையா, ஏற்கெனவே பெயர் வைத்ததன் திரிபா என்று தெரியும். கூடு கிடைத்தால் இன்னும் நல்லது. இவற்றின் கூடு கிளையில் தொங்கும், பழுப்பாக, ஒரு முட்டை அளவில்.

கேள்விகள்: எந்தத் தேதி? எத்தனை மணி? சுற்றிலும் என்ன மரங்கள்? பொறுமையாகப் பதில் எழுது. ஒரு பூச்சியோடு சேர்ந்து வரும் சீட்டில் இடமும் நாளும் இல்லாவிட்டால் அது வெறும் தூசிதான்.

உன்
அக்கா


மார்ச் 18

அக்காவுக்கு,

நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

அவசரமாக எழுதுகிறேன், இறங்கும் வண்டி நிற்கிறது. அட்டைப் பெட்டியில் பதினோரு கூடுகள், கிளையோடு. ஆட்டிப் பார்த்தால் உள்ளே கடகடவென்கிறது. எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே, கிடைத்தது. மரத்துக்கு இங்கே வெண்பட்டை என்று பெயர்.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? உன் கடிதம் தந்திபோல இருந்தது. அம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பரீட்சை நேரம், பாவம்" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பதினொன்றில் எட்டு வெளிவந்துவிட்டன. ஐந்து ஆண், மூன்று பெண். என் மேஜைக்குப் பக்கத்தில் கொசுவலையால் ஒரு கூண்டு தைத்தேன். வெளியே வரும்போது நனைந்த கைக்குட்டைபோலக் கசங்கி வருகின்றன. ஒரு மணி நேரம் தலைகீழாகத் தொங்கினால் இறகு விரிந்துவிடுகிறது. இவற்றுக்கு வாய் கிடையாது, தெரியுமா? புழுவாக இருக்கும்போது தின்றதுதான். ஒரு வாரம், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். எங்கள் அருங்காட்சியக இயக்குநர் கூண்டை எட்டிப் பார்த்து, "வாயில்லாத ஜீவன், அதான் இவ்ளோ அழகா இருக்கு" என்றார். அவர் மனைவி பக்கத்தில் இல்லாத தைரியம்.

இறந்த ஆண் ஒன்றின் வயிற்றைக் காரக் கரைசலில் ஊறவைத்துப் பிரித்தேன். நுண்ணோக்கியில் பார்த்ததும் எழுந்து நடந்தேன், திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். மற்ற உறவுகளில் எல்லாம் பிடிப்பு ஒற்றைக் கொக்கி. இதில் நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறது. அடுத்த ஆண், அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அப்படியே. தம்பி, இது புதியது என்று நினைக்கிறேன். கடலுக்கு அப்பால் இருக்கும் பெரிய அருங்காட்சியகத்துக்கு எழுதியிருக்கிறேன்; அவர்களிடம் பழைய மாதிரி எதுவும் பெயரிடப்படாமல் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இவை இருட்டியதும் அசையவே இல்லை. விளக்கை வைத்துப் பார்த்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொழுது விடியும் நேரத்தில்தான், சாம்பல் வெளிச்சத்தில், எல்லா ஆணும் ஒன்றாகப் படபடக்கின்றன. உன்னுடையது எப்படி விளக்கடியில் வந்து உட்கார்ந்தது? கூடுகள் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருந்தன?

உன்
அக்கா


ஏப்ரல் 30

பூச்சி அக்காவுக்கு,

நான் நலம், நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அது ஏன் விளக்கடிக்கு வந்தது என்று அதைத்தான் கேட்க வேண்டும். வழிதவறி வந்திருக்கும். மனிதர்களே வழிதவறுகிறார்கள். கூடுகள் காற்றில் கீழே விழுந்து கிடந்தன, பொறுக்கினேன். மலைக்காற்று உனக்குத் தெரியாது, ஆளையே தூக்கிவிடும். இத்துடன் இன்னும் இருபத்து மூன்று.

இனிமேல் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதாதே. தபால்காரர் மாறிவிட்டார், புது ஆள் எல்லாவற்றையும் குழப்புகிறார். சாலை முனைத் தேநீர்க் கடை என்று போட்டால் என் கைக்கு வந்துவிடும்.

உண்மையிலேயே புதிய வகை என்றால் உன் பெயர் பெரிய புத்தகங்களில் வருமா? வந்தால் அம்மாவுக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடு. எதிர்வீட்டுக்கு அதையும் வாசித்துக் காட்டட்டும்.

தம்பி


மே 14

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதை இந்த முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. இந்தப் புழு கூடு கட்டும்போது பட்டு இழையால் கிளையைச் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் தொங்குகிறது. கத்தரிக்கோல் இல்லாமல் என்னால் பிரிக்க முடியவில்லை. எந்தக் காற்றிலும் அது தனியாக விழாது.

இரண்டு. இங்கே தாவரப் பிரிவில் ஒரு பெண்மணி இருக்கிறார், இலை அம்மா என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். நீ அனுப்பிய கிளைகளைக் காட்டினேன். வெண்பட்டைக்கு அடிக்கிளை இலை அகலமாக, மெல்லிசாக இருக்குமாம். நீ அனுப்பியவை எல்லாம் சின்னதாக, தடித்து, தோல்போல இருக்கின்றன. "இது வெயில் நேரா விழற உச்சி இலைம்மா. நூறடி மேல இருந்து யாரு பறிச்சாங்க?" என்று கேட்டார். ஒரு கிளை மட்டும் அல்ல. முப்பத்துநான்கு கிளையும் உச்சிக்கிளை.

மூன்று. பெட்டியின் மூலையில் மரத்தூள். ரம்பத்தூள்.

நான்கு. பள்ளிக்குத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

நூறடி உயரத்தில் இருக்கும் கூடு ஒருவன் கைக்கு எப்படி எட்டும்? ஒன்று அவன் ஏற வேண்டும், அல்லது மரம் இறங்க வேண்டும். உனக்குச் சின்ன வயதில் மொட்டைமாடி ஏணியே தலைசுற்றும்.

நான் எழுதப்போகும் கட்டுரையில் 'கிடைத்த இடம்: பள்ளி வளாகம்' என்று ஒரு வரி இருக்கிறது. இன்னும் நூறு வருடம் கழித்து யாராவது அந்த வரியை நம்பி மலையேறுவார்கள். நான் எழுதுவது பொய்யா என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ எங்கே இருக்கிறாய்? என்ன செய்கிறாய்?

அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

சாப்பிடுகிறாயா? உடம்பு நன்றாக இருக்கிறதா?

அக்கா


ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

பதில் இல்லை. ஐந்து வாரம் ஆகிவிட்டது. கடிதம் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை.

தேநீர்க் கடை முகவரிக்கு அம்மா ஒரு கம்பளித் தொப்பி அனுப்பியிருக்கிறாள். அது வந்ததா என்றாவது எழுது.

வெளிநாட்டிலிருந்து பதில் வந்துவிட்டது. அவர்களிடம் இப்படி ஒன்று இல்லவே இல்லை. ஆனால் அங்கே ஒருவர் படம் கேட்டிருக்கிறார், கூடு கேட்டிருக்கிறார், எந்த மலை என்றும் கேட்டிருக்கிறார். இயக்குநர் தினமும் என் மேஜை முன்னால் வந்து நிற்கிறார். "அவங்க முந்திக்குவாங்க. தம்பி சொன்ன இடத்தையே போட்டு அனுப்பும்மா, யாரு போய்ப் பாக்கப் போறாங்க?" என்கிறார். கட்டுரை தட்டச்சாகி மேஜையில் கிடக்கிறது. இடம் என்ற வரி மட்டும் காலியாக இருக்கிறது.

போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். எழுதியதில் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நீ எங்கே இருந்தாலும் நீ என் தம்பிதான், அதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

ஒரு வரி போதும்.

அக்கா


ஜூலை 11

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. தொப்பி வந்தது. காதுவரை இறங்குகிறது, நல்ல கதகதப்பு.

பள்ளியைப் போன ஜூலையிலேயே மூடிவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை நின்றதும் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போய்விட்டன. கடைசி வாரம் என் வகுப்பில் நான்கே பேர். பிறகு ஒருவரும் இல்லை. வெற்று வகுப்பில் இரண்டு நாள் மணியடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பூட்டினேன்.

வீட்டுக்கு வந்திருக்கலாம். அச்சக வேலையை விட்டு ஒரு முறை வந்தேன், நில அளவை அலுவலகத்திலிருந்து ஒரு முறை வந்தேன். மூன்றாவது முறையும் பெட்டியோடு வந்து நின்றால் அம்மா கோபப்பட மாட்டாள். "வாடா காத்தாடி" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

இங்கேயே கூப்பில் வேலை கிடைத்தது. கூப்பு என்றால் காட்டில் மரம் வெட்டக் குத்தகை விட்ட பகுதி. எனக்கு அளவுக்காரன் உத்தியோகம். மரத்தைச் சுற்றி நாடா பிடித்துச் சுற்றளவு எழுத வேண்டும். வெட்ட ஏற்ற மரம் என்றால் அடியில் பட்டையைச் செதுக்கி, முத்திரைச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. நான் அடித்த மரம்தான் விழும், அடிக்காத மரத்தை யாரும் தொடக்கூடாது. கணக்கு வாத்தியார் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த முதல் பூச்சி விழுந்த மரத்தின் உச்சியில் இருந்தது. மரம் சாய்ந்து தூசி அடங்கியதும் இலைக்குள் ஏதோ படபடத்தது. இறகு கிழிந்தது அப்போதுதான். நீ கூடு கேட்ட பிறகு, மரம் விழ விழ ஓடிப்போய் உச்சியில் தேடினேன். நான் உனக்கு அனுப்பிய ஒவ்வொரு கூட்டுக்கும் பின்னால் தரையில் ஒரு மரம் கிடக்கிறது.

இன்னொன்று, நீ சிரிப்பாயோ அழுவாயோ. இங்கே வெட்டுகிறவர்களுக்கு இது புதிதே இல்லை. கிலுக்கான் என்கிறார்கள், ஆட்டினால் ஒலிப்பதால். மரமேறிக் கிளை கழிக்கிற ஒருவர் இருக்கிறார், அணில் அண்ணன். ஐம்பது வயது, என் தோள் உயரம். "இதுக்கா உங்கக்கா பெரிய படிப்பு படிச்சாங்க? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். ஆனால் அவரே சொன்னார், வெண்பட்டையில் மட்டும்தான் பார்த்திருக்கிறார், அதுவும் பழைய மரங்களில் மட்டும். அப்படிப்பட்ட மரங்கள் இனி இந்த மேற்குச் சரிவில்தான் மிச்சம்.

உன் மே மாதக் கடிதம் வந்த அன்று பதினெட்டு மரத்துக்கு முத்திரை அடித்தேன். கடிதம் சட்டைப்பையில் இருந்தது, படித்துவிட்டுத்தான் போனேன். இதை உன்னிடம் சொல்லாமல் மற்றதை மட்டும் எழுத முடியவில்லை, அதனால்தான் இத்தனை நாள்.

சரிவின் கீழ்ப்பாதி முழுக்க என் முத்திரை விழுந்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு மரம். மேல்பாதியை இந்த இரண்டு மாதமாகப் பொந்து, வளைவு, வெடிப்பு என்று குறை எழுதி எழுதித் தள்ளிவைத்திருக்கிறேன். எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது.

காலியாக விட்ட வரியில் உண்மையைப் போடு. 'வெட்டி வீழ்த்திய மரங்களின் உச்சியில், மர அளவுக்காரரால் எடுக்கப்பட்டது' என்று போடு. அம்மாவிடமும் நீயே சொல்லிவிடு. எனக்கு அந்தத் தைரியம் மட்டும் இல்லை.

தம்பி


ஜூலை 29

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அந்தப் பதினெட்டு மரத்தை எழுதாமல் விட்டிருந்தால் ஒரு முறையோடு நிறுத்தியிருப்பேன்.

அம்மாவிடம் சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "பள்ளிக்கூடத்த மூடினதுக்கு அவன் என்ன பண்ணுவான்? ஒரு வருஷமா ஒரே இடத்துல நின்னிருக்கானே, அதச் சொல்லு" என்றாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மரத்து மேல ஏறாம இருந்தா சரி" என்றாள். எதிர்வீட்டுக்கும் அவளே சொல்லிவிட்டாள், இப்போது நீ வன இலாகாவில் பெரிய கணக்கர்.

அந்த முதல் பெண்ணையும் சேர்த்து முப்பத்தைந்து சீட்டுகளையும் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதினேன். இடம், மரம், வெட்டிய நாள், உன் வேலை. கிலுக்கான் என்ற பெயரும் கட்டுரையில் இருக்கிறது. உங்கள் அணில் அண்ணன் சொல்வது சரிதான். நாற்பத்திரண்டு இழுப்பறை புரட்டிய நான் ஒரு மரமேறியைக் கேட்கவில்லை.

இயக்குநரை இழுத்துக்கொண்டு வன அலுவலகம் போனேன். அங்கே உள்ள அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க காட்டுறதெல்லாம் விழுந்த மரத்துல எடுத்தது. நிக்கிற மரத்துல இன்னும் உயிரோட இருக்குன்னு எதுவும் இல்லையே? இல்லாத பூச்சிக்காக நான் எப்படி வெட்டுறத நிறுத்துறது?" என்றார். கட்டுரையை அனுப்புமுன் இங்கே சரிபார்த்தவரும் அதையே கேட்கிறார்.

நிற்கும் மரத்தில் ஒரே ஒரு கூடு. படத்தோடு; எங்கள் கேமராவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், அம்மா சொன்னதும் உனக்குத் தெரியும். அணில் அண்ணனைக் கேட்டுப் பார்.

உன்
அக்கா


ஆகஸ்ட் 24

பூச்சி அக்காவுக்கு,

நலம், இரண்டு முழங்கையும் தேய்ந்துபோனதைத் தவிர. இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாக வாசிக்காதே.

அணில் அண்ணனைத்தான் கேட்டேன். "ஏறிடறேன். ஆனா அந்தப் பெட்டியில படம் புடிக்கிறது எனக்குத் தெரியாது. நீயும் வா" என்று சொல்லிவிட்டார். இடுப்பில் கயிறு, மரத்தைச் சுற்றி ஒரு கயிறு, அவர் மேலே, நான் கீழே. முதல் முப்பதடி கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். "கண்ண மூடினா மரம் மறையாது தம்பி, காலு வைக்கிற இடந்தான் மறையும்" என்றார். திறந்தேன். அறுபதடியில் வாந்தி வந்தது. கீழே யாரும் இல்லை, நல்லவேளை.

உச்சியில் வேறு உலகம். பக்கத்து மரங்களின் தலையெல்லாம் நமக்கு முழங்கால் உயரத்தில் அசைகின்றன. கிளைகள் மெல்லிசு, மூச்சு விட்டாலே ஆடுகின்றன. ஒரே மரத்தில் நான்கு கூடுகள் இருந்தன, இரண்டு காலி, இரண்டு கனமாக. அதைவிட ஒன்று, நீ இதுவரை பார்க்காதது: புழு. என் நடுவிரல் நீளம், பச்சை, பக்கவாட்டில் நீல நிறத்தில் சின்னச் சின்ன மணிகள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுத் தின்பதைத் தொடர்ந்தது. அதன் அவசரம் அதற்கு. இலையைக் கடிக்கிற சத்தம் கேட்டது அக்கா, சத்தியமாக. பன்னிரண்டு படம் எடுத்தேன். படச்சுருள் இத்துடன் இருக்கிறது. மூன்று மரங்கள் ஏறினோம், மூன்றிலும் உண்டு. மரங்களின் எண்கள் தனித்தாளில்.

யாரோ பார்த்துக் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். பொந்து என்று நான் எழுதிய மரங்களை அவரே வந்து தட்டிப் பார்த்தார். "எனக்கு மரம் அளக்கிற ஆளு வேணும், பூச்சி அளக்கிற ஆளு வேண்டாம்" என்றார். சுத்தியலை வாங்கிக்கொண்டார். கொடுத்தபோது கை லேசாகிவிட்டது.

தேநீர்க் கடைக்காரர் பின்கட்டில் படுக்க இடம் கொடுத்திருக்கிறார். சீக்கிரம் ஏதாவது செய். புது அளவுக்காரன் வரும்வரைதான் மேல்சரிவு நிற்கும்.

தம்பி


செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானா? எங்களுக்கு நலம். இரண்டு செய்தி இருக்கிறது. நல்லதை முதலில் சொல்கிறேன், இரண்டாவதைச் சொல்ல மூன்று நாளாகக் கடிதத்தைத் தள்ளிப்போட்டேன்.

கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. பெயர் வைக்கும் நாளில் இயக்குநர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார், தன் பெயர் நினைவுக்கு வரட்டும் என்று. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியில் வாழ்வது என்று பொருள் வரும்படி வைத்திருக்கிறேன். மூலமாதிரியாக நான் தேர்ந்தெடுத்தது நீ அனுப்பிய ஆண்களில் ஒன்று. இனி உலகத்தில் யார் இந்தப் பெயரைச் சொன்னாலும் அந்த ஒரு பூச்சியோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். நீ எடுத்த புழுப் படம் ஒன்றை இலை அம்மா தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

படங்களைக் கண்டதும் வன அலுவலகம் உத்தரவு போட்டுவிட்டது. மேற்குச் சரிவில் புதிதாக எந்த மரத்திலும் முத்திரை விழக்கூடாது. மேல்பாதி நிற்கும்.

ஆனால் முத்திரை விழுந்த மரங்கள் விற்றுப்போனவையாம். அவற்றை நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் இல்லையாம். கீழ்ப்பாதியை வரும் மாதமே வெட்டுகிறார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டும். அதிகாரியின் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு வாதாடினேன். "முத்திரை அடிச்சவரு உங்க தம்பிதானேம்மா" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, தகவலாகத்தான் சொன்னார். ஊன்றிய கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ அங்கே இருந்து அதைப் பார்க்க வேண்டாம். கிளம்பி வந்துவிடு. அம்மா உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறாள். யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டோம்.

உன்
அக்கா


அக்டோபர் 27

அன்புள்ள பூச்சி அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு என் வணக்கம். இப்போது வர முடியவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். எழுதத் தாமதமானதற்குக் காரணம் கடைசிவரை படித்தால் தெரியும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகக் கூப்புக்கு நடந்தேன். வெட்டுகிறவர்கள் ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்வது என்று யோசிக்காமலே போய்விட்டேன். "மரம் விழுந்ததும் கிளை கழிக்கிறதுக்கு முன்னாடி எனக்குக் கால் மணி நேரம் குடுங்க" என்றேன். அவர்களில் ஒருவர், "நீயே முத்திரை அடிச்சுட்டு நீயே அழறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அணில் அண்ணன் குறுக்கே வந்து, "கால் மணிதானே, பீடி குடிக்கிற நேரம். குடிங்க எல்லாரும்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மரமும் விழும்போது நான் நூறடி தள்ளி நிற்கிறேன். விழுந்ததும் ஓடுகிறேன். உச்சியில் புகுந்து கூடு இருக்கும் கிளையை ஒரு முழம் விட்டு நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றுகிறேன். மாலையில் அவற்றைத் தூக்கிக்கொண்டு மேல்சரிவுக்கு ஏறி, முத்திரை இல்லாத வெண்பட்டைகளின் உச்சியில் சணல் கயிறால் கட்டுகிறோம். நானும் ஏறுகிறேன். இப்போது வாந்தி வருவதில்லை. புழுக்களும் கிடைக்கின்றன, இலையோடு எடுத்துக்கொண்டுபோய்ப் புது இலையில் விட்டால் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டுத் தின்னத் தொடங்குகின்றன. நான்காம் நாளிலிருந்து வெட்டுகிறவர்களே, "வாத்தியாரே, இங்க ஒண்ணு இருக்குது" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அழுகிறாயா என்று கேட்டவர்தான் இப்போது அதிகம் கண்டுபிடிக்கிறார்.

நேற்றுக் கடைசி மரம் விழுந்தது. கீழ்ச்சரிவு முழுக்க வானம். மொத்தம் நூற்று நாற்பது கூடு, எண்பத்தாறு புழு. நசுங்கிப் போனவை இதைவிட அதிகம். அதையும் எண்ணி எழுதி வைத்திருக்கிறேன், உன் அடுத்த கட்டுரைக்கு வேண்டியிருக்கும்.

ஆனால் எனக்கு ஒரு பயம் இருந்தது. நாங்கள் ஏறிப் பார்த்தவை மூன்றே மரம். அதற்குமேலே ஒன்றும் இல்லாவிட்டால்? நாங்கள் கொண்டுபோய்க் கட்டியதுதான் மேல்சரிவில் மொத்தமும் என்றால்? அதனால் ஒரு கூட்டை மட்டும் மேலே கட்டாமல், இரண்டு பாதிக்கும் நடுவில், என் கண் உயரத்தில் ஒரு செடியில் கட்டி வைத்திருந்தேன். முந்தாநாள் மதியம் அதிலிருந்து பெண் வந்தது. இறகை விரித்துக்கொண்டு, கிளம்பாமல் கூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று விடியுமுன், நீ சொன்ன அந்தச் சாம்பல் வெளிச்ச நேரத்துக்கு நானும் அணில் அண்ணனும் போய் உட்கார்ந்தோம். குளிரில் பல் கிட்டியது. அண்ணன் இரண்டு முறை எழுந்து போய்விடலாம் என்று ஜாடை காட்டினார். பெண் வயிற்று நுனியை நீட்டி, ஆணை அழைக்கும் வாசனையைக் காற்றில் விட்டுக்கொண்டு அசையாமல் இருந்தது.

வெளிச்சம் வரத் தொடங்கியதும் ஒரு ஆண் வந்தது. நேராக வரவில்லை, குடித்தவன்போல இடமும் வலமும் அலைந்து அலைந்து, காற்றை மோந்து மோந்து வந்தது. கீழே வெட்டவெளி. அங்கிருந்து வரவில்லை. மலையின் மேலிருந்து, நாங்கள் ஏறவே ஏறாத மரங்களின் பக்கமிருந்து இறங்கி வந்தது. அது நாங்கள் கட்டியதிலிருந்து வந்ததாக இருக்காது. பெண் வந்த பிறகுதான் மற்றவற்றை நாங்கள் போய்ப் பார்த்தோம், ஒன்றும் திறந்திருக்கவில்லை. அது பெண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகு இரண்டாவது வந்தது. இடமில்லை என்று தெரிந்தும் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அதற்குள் மூன்றாவது வந்துவிட்டது. இரண்டும் என் தொப்பியை உரசிக்கொண்டு போயின.

அணில் அண்ணன் மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் முழங்கையைத் தட்டி மெதுவாகச் சொன்னார்:

"மேல இன்னும் இருக்குது தம்பி."

அன்புடன்,
தம்பி